எட்டுக் கதிரையும் எங்கள் ஆட்களும்

சுஷிக் கடையில் புகழெல்லாம் மீனுக்கு, திட்டெல்லாம் சோற்றுக்கு. எங்கள் கடையில் சோறு ஆக்குகிறவன் நான்.

பின்கதவால் வேலைக்குப் போய்ப் பின்கதவால் வீடு திரும்பும் சகபாடிகளே, பாத்திரம் கழுவுகிறவர்களே, வெங்காயம் உரிக்கிறவர்களே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். முன்னால் இருந்து சாப்பிடுகிறவர்களுக்கு இது விளங்காது. மொன்றியலில் ஓர் ஒதுக்குப்புறத் தெருவில் எங்கள் கடை. எட்டுப் பேர் இருந்து சாப்பிட எட்டுக் கதிரை, அவற்றுக்கு முன்னால் ஒரு நீளப் பலகை. பலகைக்குப் பின்னால் நின்று முதலாளி ஒகாவா சான் சோற்றைக் கையில் எடுத்து, மீனை மேலே வைத்து, ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொடுப்பார். சான் என்பது ஜப்பான்காரரின் ஐயா. இது வேண்டும் அது வேண்டாம் என்ற பேச்சே இல்லை. அவர் வைப்பதைச் சாப்பிட வேண்டும். பரிமாற மரி-ஈவ் என்ற கியூபெக் பிள்ளை. மீன் கழுவ, சோறு ஆக்க, திட்டு வாங்க நான்.

எனக்கு ஒரேயோர் ஆசை இருந்தது. சமையலறைத் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்து, அந்தப் பலகைக்குப் பின்னால் நிற்க வேண்டும். அது எப்படிக் கை நழுவிப் போனது என்பதைச் சொல்கிறேன், கேளுங்கள்.

வாசலில் நின்ற தம்பதி

எங்கள் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. ஒரு சலவைக் கடைக்கும், டெபனர் என்று இங்கே சொல்கிற மூலைக்கடைக்கும் நடுவில் ஒரு சாம்பல் நிறக் கதவு. அதன் மேல் முழ அளவில் ஒரு துணி. வாரக்கணக்கில் காத்திருந்து இடம் பிடித்தவர்கள்கூட வாசல்வரை வந்து, இதுவாக இருக்காது என்று திரும்பி நடப்பதுண்டு. குப்பைப் பையோடு நான் வெளியே போகிற நேரங்களில் அப்படிச் சிலரைப் பிடித்து உள்ளே அனுப்பியிருக்கிறேன்.

ஒரு மாலை சென்னைப் பக்கத்து இளம் தம்பதி நின்றார்கள். கணினி வேலை, முதலாவது கல்யாண நாள். பனிக்கோட்டுக்குக் கீழே பட்டுச்சேலைக் கரை தெரிய அந்தப் பெண், "ஏமாத்திட்டாங்க போலிருக்கு, இது லாண்டரிங்க" என்று கணவனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "இல்லைத் தங்கச்சி, இதுதான் கடை" என்றேன். குப்பைப் பை தமிழ் கதைத்ததுபோல் இருவரும் திடுக்கிட்டார்கள்.

உள்ளே போய் இருந்தும் அவர்களுக்கு நிம்மதி இல்லை. குச்சியால் பிடித்த துண்டு இரண்டு முறை நழுவி விழுந்தது. கணவனுடைய நெற்றி வியர்த்துவிட்டது. ஒகாவா சான் குனிந்து, ஒரு துண்டை விரலால் எடுத்து வாயில் போட்டு, இப்படித்தான் என்று தலையாட்டினார். கையால் சாப்பிடுவதுதான் அங்கே பழைய முறை. அந்தப் பெண் திரைக்குப் பின்னால் நின்ற என்னைத் தேடிப் பார்த்துச் சத்தமாகவே சொன்னாள்: "அண்ணா, கையாலதான்னு வாசல்லயே சொல்லியிருக்கக் கூடாதா? ரெண்டு வாரமா வீட்ல நிலக்கடலைய குச்சியால பொறுக்கிப் பழகிட்டு வந்திருக்கோம்!"

மணக்கக் கூடாத வேலை

சோறு ஆக்குகிறவன் மணக்கக் கூடாது. இது ஒகாவா சானின் முதலாவது சட்டம். செண்டு பூசக் கூடாது, மணச் சவர்க்காரம் போடக் கூடாது, சிகரெட் நினைக்கவே கூடாது. இதெல்லாம் எனக்குப் பிரச்சினை இல்லை. பிரச்சினை என் வீடு. குளிர்காலத்தில் ஜன்னல் திறக்க ஏலாத ஒரு தமிழ் வீட்டில் வெங்காயமும் செத்தல் மிளகாயும் தாளித்தால் அந்த மணம் எங்கே போகும்? கதவருகில் தொங்கும் என் ஜாக்கெட்டுக்குத்தான் போகும்.

என் மனைவி வசந்தி எனக்காகக் காலைத் தாளிப்பை நிறுத்தினாள், ஜாக்கெட்டைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தாள். ஆனாலும் ஒருநாள் பிள்ளை கேட்டது என்று சூடை மீன் பொரித்துவிட்டாள். நான் இரண்டு முறை தலை முழுகிவிட்டுத்தான் வேலைக்குப் போனேன். ஒகாவா சான் வாளியோடு போன என்னை மறித்து, கண்ணை மூடி மூச்சை இழுத்தார். அவர் பேசும் பிரெஞ்சு எனக்கும் நான் பேசும் பிரெஞ்சு அவருக்கும் மட்டும்தான் விளங்கும், இது நன்றாகவே விளங்கியது: "நாதன் சான், உன் வீட்டில் இன்று மீன் பொரித்திருக்கிறார்கள். மிக நல்ல வாசம். எனக்குப் பசிக்கிறது. வெளியே போ."

மதாம் லூசி

மாதத்தின் முதற் செவ்வாயில் மதாம் லூசி என்றொரு அம்மா தனியாக வருவார். ஒரே பழுப்புக் கோட்டு, ஒரே ஓரக் கதிரை. நன்றாக இருக்கிறது என்று அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை. பிடிக்காததை விழுங்கும்போது மட்டும் இடது புருவம் கொஞ்சம் இறங்கும். அந்தப் புருவத்துக்கு ஒகாவா சானே பயம்.

ஒரு செவ்வாய் அவர் நடுவில் நிறுத்தி, "இன்று சோறு வேறு மாதிரி" என்றார். திரைக்குப் பின்னால் நான் கழுவிக்கொண்டிருந்த சட்டியைக் கீழே வைத்தேன். அன்று அரிசியை நான் கூடுதலாக ஊறவிட்டிருந்தேன், யாரிடமும் கேட்காமல். ஒகாவா சான் என்னைக் கூப்பிட்டு, இவன்தான் என்றார். மதாம் என்னைத் தலை முதல் கால்வரை பார்த்தார். புருவம் இறங்கவில்லை. "இவரை ஏன் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டு மிச்சத்தைச் சாப்பிட்டார். அன்று முழுக்க நான் தரையில் நடக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்த நேரம் ஒகாவா சானுக்குத் தோள்மூட்டில் வருத்தம். வாரத்தில் பாதி நாள் பலகையில் நிற்க இன்னொருவர் கட்டாயம் தேவை. ரொறன்ரோவில் அவருடைய நண்பரிடம் வேலை பழகிய ஒருவன் வரத் தயாராக இருந்தான். அவனுக்கு ஆம் இல்லை என்று சொல்ல நாளும் குறித்தாயிற்று. அதற்கு முதல் நாள், அடுத்த மாதத்து முதற் செவ்வாய், ஒரு மாலை முழுக்க என்னைத் தனியாக நிற்கச் சொன்னார். தான் திரைக்குப் பின்னால் இருந்து பார்ப்பாராம். என் கையைப் பார்க்கப் போகிறாரோ என்று கேட்டேன். "உன் கையை எனக்குத் தெரியும்" என்றார். "உன்னைத் தெரியாதவர்கள் சாப்பிடும்போது அவர்கள் முகம் எப்படி இருக்கிறது, அதைத்தான் பார்க்க வேண்டும்."

சூட்டுக் கை

அந்த மாதம் எங்கள் வீட்டில் எல்லாரும் உருண்டைச் சோறு சாப்பிட்டோம். நான் பிடித்துப் பிடித்து அடுக்க, வசந்தி அதன்மேல் சம்பல் வைத்துக் கொடுப்பாள். மகள் மூன்றாம் நாளே தட்டைத் தள்ளிவிட்டு, தன்னைப் பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்குச் சேர்த்துவிடும்படி கேட்டாள். பிடிப்பது வந்துவிட்டது. கொழுக்கட்டை பிடித்த கை, அதற்கு அது பெரிய வித்தை இல்லை. ஆனால் என் கை சூடு. சூட்டுக் கையில் மீன் வாடிவிடும் என்று ஒகாவா சான் ஒருமுறை சொல்லியிருந்தார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கையுறையைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வேலைக்குப் போகத் தொடங்கினேன். மொன்றியல் மாசி மாதம், பஸ் தரிப்பிடம், வெறுங்கை. பக்கத்தில் நிற்பவர்கள் என்னைப் பார்த்துவிட்டுத் தங்கள் பிள்ளைகளை இழுத்துப் பிடித்தார்கள். ஒருநாள் விரல்கள் மடங்காமல், பின்கதவின் கைப்பிடியைத் திருப்ப முடியாமல் முழங்கையால் தட்டினேன். மரி-ஈவ் திறந்தாள். என் கைகளைத் தன் கைகளுக்குள் வைத்துத் தேய்த்துக்கொண்டே ஏசினாள்: "கை குளிர்ச்சியாக இருக்க வேண்டும் என்றுதானே சொன்னார்? மீன்பெட்டியில் கிடக்கிறது மாதிரி இருக்க வேண்டும் என்றா சொன்னார்?"

கதவு திறந்தபோது

குறித்த செவ்வாய் வந்தது. எட்டு இடமும் முன்கூட்டியே நிரம்பிவிட்டதாக மரி-ஈவ் சொல்லியிருந்தாள். நாலு பேர் அடுத்தடுத்து அழைத்து, ஆளுக்கு இரண்டு இடம் பதிந்தார்களாம். எல்லாம் பிரெஞ்சுப் பெயர்கள், கேள்விப்படாத ஆட்கள். ஒகாவா சானுக்கு அது நல்ல சந்தோஷம். திரைக்குப் பின்னால் ஒரு முக்காலியைப் போட்டு, பார்க்க அளவாகத் திரையைக் கொஞ்சம் விலக்கிவிட்டு இருந்தார். நான் வெள்ளை அங்கி போட்டு, ஐஸ் தண்ணீரில் கை நனைத்து, முதன்முதலாகப் பலகைக்குப் பின்னால் நின்றேன். அங்கிருந்து பார்க்கக் கடையே வேறு கடையாக இருந்தது.

கதவு திறந்தது. முதலில் வந்தது செண்டு வாசம். பின்னால் வந்தவர் என் மச்சான் யோகன், வசந்தியின் தமையன். அவருக்குப் பின்னால் காஞ்சிபுரப் பட்டில் அவருடைய மனைவி மாலா அக்கா, தலை நிறைய மல்லிகைப்பூ. அதற்குப் பின்னால் எங்கள் ஊர்ச் சங்கத் தலைவர், செயலாளர், அவர்கள் மனைவிமார், இன்னும் இரண்டு சங்கத்து ஆட்கள். எட்டுப் பேர். வசந்தி பெருமையில் தமையனிடம் நாளைச் சொல்லியிருக்கிறாள். ஒகாவா சான் யாருடைய முகத்தைப் பார்க்கப் போகிறார் என்பதை நான் அவளிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்றே எனக்குத் தோன்றவில்லை. தமிழ்ப் பெயர் என்றால் எனக்குத் தெரிந்துவிடும் என்று யோகன் தன் தொழிற்சாலையில் கூட வேலை செய்யும் நாலு வெள்ளைக்காரச் சிநேகிதரைப் பிடித்து இடம் பதிவித்திருக்கிறார்.

நான் வாயைத் திறக்க முதல் அவர் பலகைக்கு மேலால் எட்டி என் தோளைத் தட்டினார். முகம் முழுக்க அன்பு. ஊரில் யாருடைய அரங்கேற்றம் என்றாலும் முன்வரிசையைத் தன் ஆட்களால் நிரப்புகிற மனிதர் அவர். குரலைத் தாழ்த்தி, இரகசியமாகச் சொன்னார்: "நீர் ஒண்டுக்கும் பயப்பிடாதையும் மச்சான். குறை சொல்லுற ஒருத்தரும் இண்டைக்கு உள்ளுக்கு வர ஏலாது. எட்டுக் கதிரையும் நாங்கள்தான்."

பொன்னாடை

செவ்வாய்க்கிழமை என்று சொன்னேன் அல்லவா? எங்கள் ஆட்களில் பாதிப் பேர் செவ்வாய் வெள்ளி மச்சம் மாமிசம் தொடமாட்டார்கள். மாலா அக்காவும் செயலாளரின் மனைவியும் அந்தப் பாதி. ஆனால் எனக்காக வந்திருந்தார்கள். நான் வைத்த ஒவ்வொரு துண்டிலும் மீனை மட்டும் பூப்போல் உரித்துக் கணவன்மாரின் தட்டில் போட்டுவிட்டு, சோற்றை மட்டும் சாப்பிட்டார்கள். அவர்கள் உரிக்க உரிக்கத் திரைப் பக்கம் திரும்ப எனக்குத் தைரியம் வரவில்லை. மற்றவர்கள் துண்டு வாய்க்குள் போக முன்பே "அருமை, அருமை" என்றார்கள். மெல்ல முன்பு அருமை, விழுங்க முன்பு அருமை. நான் ஒரு துண்டைச் சரியாகப் பிடிக்காமல் வைத்தேன். அது உடைந்து விழுந்தது. அதற்கும் அருமை.

கடைசித் துண்டு முடிந்ததும் தலைவர் எழுந்தார். பையிலிருந்து ஜரிகைக் கரைப் பொன்னாடையை எடுத்தார். "ஜப்பானியரின் கலையை ஜப்பானியரே வியக்கும்படி செய்துகொண்டிருக்கும் எங்கள் மண்ணின் மைந்தன்" என்று தொடங்கினார். திரை விலகி ஒகாவா சான் வெளியே வந்து, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். தலைவர் என்ன சொல்கிறார் என்று மரி-ஈவ் கேட்டாள். நன்றி சொல்கிறார் என்றேன். பலகைக்கு மேலால் பொன்னாடை வந்து என் வெள்ளை அங்கிமேல் விழுந்தது. படம் பிடித்தார்கள், ஒகாவா சானையும் பக்கத்தில் இழுத்து நிறுத்திப் படம் பிடித்தார்கள். அவர் ஒவ்வொருவருக்கும் தலை குனிந்து வணங்கி, வாசல்வரை போய் வழியனுப்பினார்.

திரும்பி வந்தவரிடம் நான் கெஞ்சினேன். இன்னொரு மாலை தாருங்கள், ஒரு மாலை போதும் என்றேன். அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை. மறுநாள் காலை ரொறன்ரோவுக்குப் பதில் சொல்ல வேண்டும், சொன்ன சொல்லைத் தள்ளிப்போட முடியாது என்றார். பிறகு என் தோளில் கிடந்த பொன்னாடையை எடுத்து, சுருக்கம் இல்லாமல் மடித்து என் கையில் தந்தார். கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் குரலில் கோபம் இல்லை: "உன் ஆட்கள் மிக நல்லவர்கள், நாதன் சான். உன் மேல் உயிரையே வைத்திருக்கிறார்கள். ஆனால் உன் சுஷி எப்படி என்று எனக்கு இன்னும் தெரியாது."

பழுப்புக் கோட்டு

அடுத்த செவ்வாய் மதாம் லூசி வந்தார். வழக்கமான நாளுக்கு அவர் அழைத்தபோது இடமில்லை என்று சொல்லிவிட்டார்களாம். ஒகாவா சான்தான் நின்றார். நான் வழக்கம்போல் சோற்றுத் தொட்டியைக் கொண்டுவந்து வைத்தேன். உள்ளே திரும்பப் போன என்னை மதாம் நிறுத்தினார்.

ஒரு மாதம் முழுக்க நான் யாருக்காகக் கையை விறைக்க வைத்தேன் என்று அப்போதுதான் எனக்கே விளங்கியது. அந்தப் புருவத்துக்காகத்தான். அது இறங்கியிருந்தாலும் பரவாயில்லை. இறங்கியது என்று வீட்டுக்குப் போய்ப் படுத்திருப்பேன், அடுத்த நாள் எழும்பியிருப்பேன். இப்போது, இறங்கியிருக்குமா என்ற கேள்வியோடுதான் தினமும் அரிசி கழுவுகிறேன். மதாம் என் கையைப் பார்த்தார். குளிரில் வெடித்த விரல்கள் இன்னும் ஆறவில்லை. பெருமூச்சு விட்டபடி சொன்னார்: "நீங்கள் நிற்கிறீர்கள் என்று மரி-ஈவ் சொன்னாள், அதற்காகவே கேட்டேன். எட்டு இடமும் போய்விட்டது என்றாள். உங்களுக்கு இந்த ஊரில் அவ்வளவு பேர் காத்திருந்தார்களா?"

சுவரில் இருக்கும் படம்

ரொறன்ரோக்காரன் வந்துவிட்டான். நல்ல பெடியன், கையும் நல்ல குளிர்ச்சி. அவனுக்கும் நான்தான் சோறு ஆக்குகிறேன். வீட்டில் வசந்திக்கு மட்டும் உண்மை தெரியும். அவள் இரண்டு நாள் சாப்பிடவில்லை. "அண்ணைக்குச் சொல்லிப் போடாதேங்கோ, அந்தாள் தாங்காது" என்றாள். நானும் சொல்லவில்லை. கோபித்துக்கொள்ள ஒருவரும் கிடைக்காத கவலை இருக்கிறதே, சகபாடிகளே, அதுதான் உள்ளதில் மோசமான கவலை.

போன மாதம் அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில் பக்கம் எங்கள் சங்கத்து மண்டபத்தில் கலியாண வரவேற்பு. சங்கத்து ஆட்கள் வாசல் சுவரில் தங்கள் படங்களை வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். நடுவில் நான், பொன்னாடையோடு. பக்கத்தில் ஒகாவா சான், எதிலோ மாட்டிக்கொண்ட முகத்தோடு. யோகன் என்னைக் கையில் பிடித்து, தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரிடமும் கூட்டிக்கொண்டு போய், ஜப்பான்காரனின் கடையையே நடத்துகிற மச்சான் என்று அறிமுகப்படுத்தினார். நான் சிரித்தேன். கடைசியில் தனியாக இழுத்து, சாப்பாட்டு மேசை ஓரத்தில் நிறுத்தி, காதுக்குள் கேட்டார்: "அடுத்த முறை முன்னுக்கு நிக்கிறது எப்ப மச்சான்? வேளைக்குச் சொல்லும். ரொறன்ரோவில இருந்தும் ரெண்டு வான் பிடிச்சு ஆக்களை இறக்குவம்."

கடல் கடந்து, கண்டம் கடந்து, ஒரு சொல்லும் விளங்காத ஊருக்கு வந்து இத்தனை காலமாகியும், என்னைத் தெரியாத எட்டுப் பேரை ஒரே ஒரு மாலைக்குப் பிடிக்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை.